கல்வியில் ஒப்புருவாக்கம்

ஒப்புருவாக்கம் என்பது உண்மையான ஒரு சூழலை, செயலை அல்லது அமைப்பை, அதன் முதன்மைக் கூறுகள் மாறாத வகையில் வேறோர் இடத்தில் அமைத்து இயக்கிப் பார்ப்பதாகும். இதனைக் கற்பித்தலுக்கும் கற்றலுக்கும் பயன்படுத்துவது கல்வியில் ஒப்புருவாக்கம் எனப்படுகிறது. மாணவர் தவறு செய்தால் உயிருக்கோ, உடலுக்கோ, பொருளுக்கோ இழப்பு ஏற்படக்கூடிய துறைகளில் இம்முறை இன்றியமையாததாகக் கருதப்படுகிறது. வானூர்தி ஓட்டுதல், அறுவை மருத்துவம், தீயணைப்பு ஆகியன இவ்வகைத் துறைகள். உண்மை நிகழ்வு மிக மெதுவாகவோ, மிக விரைவாகவோ, மிகப் பெரிய பரப்பிலோ நடைபெறுவதால் வகுப்பறையில் நேரில் காட்ட இயலாத பாடங்களுக்கும் இம்முறை உதவுகிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி, மருத்துவக் கல்வி, பள்ளிப் பாதுகாப்பு ஆகியவற்றில் இதன் பயன்பாட்டைக் காணலாம். மதுரையில் வளர்ந்த கண் அறுவைப் பயிற்சி இம்முறையின் தேவையைத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு ஆகும்.

சொல்

இக்கருத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. ஒப்புருவாக்கம், போலச்செய்தல், பாவனை, உருவகப்படுத்துதல் ஆகியவை நூல்களில் காணப்படுபவை. சிமுலேசன் என்ற ஆங்கிலச் சொல்லும் பேச்சு வழக்கில் உண்டு. பாவனை என்ற சொல் இலங்கைத் தமிழில் 'பயன்பாடு' என்ற பொருளைத் தருவதால், இக்கட்டுரையில் ஒப்புருவாக்கம் என்ற சொல்லே கையாளப்படுகிறது. ஒப்புருவாக்கத்துக்கென அமைக்கப்பட்ட கருவி ஒப்புருவாக்கி எனப்படும். நாடகத்துறையிலிருந்து வந்த ஒத்திகை என்ற சொல், தீ விபத்து, வெள்ளம் போன்ற இடர்களுக்கான முன்பயிற்சியைக் குறிக்கப் பரவலாகப் பயன்படுகிறது.

அடிப்படைக் கூறுகள்

ஒரு செயல்பாடு ஒப்புருவாக்கம் என்று கொள்ளப்பட அதில் பின்வரும் கூறுகள் இருத்தல் வேண்டும்.

* மாதிரி: உண்மைச் சூழலிலிருந்து கற்றலுக்குத் தேவையான கூறுகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமைக்கப்படுகின்றன. தேவையற்றவை விலக்கப்படுகின்றன.
* பங்கு: கற்பவர் பார்வையாளராக இருப்பதில்லை. அவரே முடிவெடுக்கிறார், அவரே செய்கிறார்.
* விளைவு: கற்பவரின் செயலுக்கு ஏற்ப மாதிரி மாறுகிறது. சரியான செயலும் தவறான செயலும் வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றன.
* மீளச் செய்தல்: தவறு நேர்ந்தால் தொடக்க நிலைக்குத் திரும்பி மீண்டும் செய்ய இயலும்.
* பின்னுரையாடல்: செயல் முடிந்தபின், என்ன நடந்தது, ஏன் நடந்தது, உண்மைச் சூழலில் இது எவ்வாறு வேறுபடும் என்று ஆசிரியரும் மாணவரும் கலந்து பேசுகின்றனர்.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட பின்னுரையாடலே கற்றலின் பெரும்பகுதியைத் தருவதாகக் கல்வியியலாளர் கருதுகின்றனர். பின்னுரையாடல் இல்லாத ஒப்புருவாக்கம் விளையாட்டாகவே முடிந்துவிடக் கூடும். அமெரிக்கக் கல்வியியலாளர் தாவீது கோல்பு 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டறிவுவழிக் கற்றல் கோட்பாடு, பட்டறிவு, அதைப் பற்றிய சிந்தனை, பொதுமைக் கருத்து உருவாதல், மீண்டும் செய்துபார்த்தல் என்ற நான்கு நிலைச் சுழற்சியாகக் கற்றலை விளக்குகிறது. ஒப்புருவாக்கம் இச்சுழற்சியைச் சில மணி நேரத்துக்குள் பலமுறை நிகழ்த்த வழிசெய்கிறது.

வரலாறு

ஒப்புருவாக்கம் கணினியோடு தோன்றியதன்று. இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்கிதையில், அறுவை மருத்துவம் பயிலும் மாணவன் நோயாளியைத் தொடுமுன் செய்ய வேண்டிய பயிற்சிகள் ஒரு தனி இயலில் கூறப்பட்டுள்ளன. வெட்டுதலைப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களிலும், பிளத்தலை நீரோ சேறோ நிரப்பிய தோற்பைகளிலும், சுரண்டுதலை மயிருள்ள தோலிலும், குத்துதலை இறந்த விலங்கின் நாளங்களிலும் தாமரைத் தண்டிலும், தைத்தலைத் துணியிலும் மென்மையான தோலிலும், கட்டுப்போடுதலை மனித உருவப் பொம்மையிலும் பழக வேண்டும் என்று அந்நூல் வகுக்கிறது. ஒவ்வொரு திறனையும் தனித்தனியே பிரித்து, அதற்குப் பொருத்தமான மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் இம்முறை இன்றைய திறன் பயிற்சிக்கூடங்களின் அடிப்படையை ஒத்தது. கண்புரையை ஊசியால் தள்ளி அகற்றும் மருத்துவமும் இந்நூலிலேயே விளக்கப்பட்டுள்ளது.

18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில், து குத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் பஞ்சாலும் ஆன தாய், சேய் உருவங்களைச் செய்து பேறுகாலப் பயிற்சி அளித்தார். 1759 இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று கிராமப் பெண்களுக்கு இப்பயிற்சியை வழங்கினார். 1824 இல் புருசியப் படைத்துறை, வரைபடத்தின் மீது காய்களை நகர்த்திப் போர் முடிவுகளைப் பழகும் விளையாட்டை அலுவலர் பயிற்சியில் ஏற்றுக்கொண்டது.

1929 இல் அமெரிக்கரான எட்வின் லிங்கு தரையில் இருந்தபடியே வானூர்தி ஓட்டப் பழகும் கருவியை உருவாக்கினார். தொடக்கத்தில் இது கேளிக்கைப் பொருளாகவே பார்க்கப்பட்டது. 1934 இல் அமெரிக்கப் படைத்துறை வானஞ்சல் பணியை ஏற்றபோது, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டத் தெரியாத வானோடிகள் பலர் விபத்துகளில் இறந்தனர். அதன் பின்னரே படைத்துறை லிங்கின் கருவியை வாங்கியது. 1960 இல் நோர்வே நாட்டைச் சேர்ந்த பொம்மை செய்பவர் ஆசுமுன் லேர்தால், செயற்கைச் சுவாசம் பழகுவதற்கான ஆனி என்ற மனித உருவப் பொம்மையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் முதலுதவி வகுப்புகளில் இதன் வழிவந்த பொம்மைகள் பயன்படுகின்றன.

வகைகள்

* பங்கேற்று நடித்தல்: மாணவர்கள் வெவ்வேறு மாந்தரின் நிலையில் நின்று பேசியும் முடிவெடுத்தும் கற்றல். மாதிரி நாடாளுமன்றம், மாதிரி நீதிமன்றம் ஆகியன இவ்வகையின.
* ஒப்புருவாக்க விளையாட்டு: விதிகள், வளங்கள், சுற்றுகள் கொண்ட விளையாட்டின் மூலம் சமூக, பொருளியல் நிகழ்வுகளைக் கற்றல்.
* பொருள்சார் மாதிரி: பொம்மைகள், விலங்கு உறுப்புகள், செயற்கை உறுப்புகள் ஆகியவற்றில் கைத்திறன் பழகுதல்.
* கணினி ஒப்புருவாக்கம்: இயற்பியல், வேதியியல், உயிரியல் நிகழ்வுகளைத் திரையில் மாற்றிப் பார்த்தல்.
* முழுநிலை ஒப்புருவாக்கி: ஒலி, காட்சி, தொடு உணர்வு ஆகிய அனைத்தையும் தரும் கருவி. வானூர்தி ஓட்டுநர் பயிற்சிக்கூடம் இதற்கு எடுத்துக்காட்டு.

ஆசிரியர் பயிற்சியில்

தமிழ்நாட்டில் கல்வியியல் பட்டப்படிப்பு பயின்ற ஒவ்வொருவரும் ஒப்புருவாக்கத்தை நேரில் அறிந்தவரே. நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் அது பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 1963 இல் அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவருடைய குழுவினரும் இம்முறையை உருவாக்கினர். முழு வகுப்பு, முழுப் பாடம், முழு நேரம் ஆகிய மூன்றையும் சுருக்கி, சில மாணவர்களுக்கு, ஒரு சிறு கருத்தை, சில நிமிடங்களில் கற்பிக்கச் செய்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கற்பித்தல் திறனில் மட்டும் கவனம் செலுத்துவது இதன் அடிப்படை.

இந்தியாவில் இம்முறை ஒரு முக்கிய மாற்றத்துடன் ஏற்கப்பட்டது. பயிற்சிக் கல்லூரிகளுக்கு வேண்டிய நேரத்தில் பள்ளி மாணவர்கள் கிடைப்பதில்லை. நிகழ்படக் கருவிகளும் அரிதாகவே இருந்தன. எனவே உடன் பயிலும் ஆசிரிய மாணவர்களே பள்ளி மாணவர்களாக அமர்வதும், அவர்களே கண்டதைக் குறித்துப் பின்னூட்டம் தருவதும் வழக்கமாயிற்று. தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் இந்திய மாதிரியில் ஒரு சுழற்சிக்கு 36 நிமிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

* கற்பித்தல் - 6 நிமிடங்கள்
* பின்னூட்டம் - 6 நிமிடங்கள்
* மீளத் திட்டமிடல் - 12 நிமிடங்கள்
* மீளக் கற்பித்தல் - 6 நிமிடங்கள்
* மீளப் பின்னூட்டம் - 6 நிமிடங்கள்

திட்டமிடலுக்கு மட்டும் இரு மடங்கு நேரம் தரப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பாடத்தைத் தொடங்குதல், விளக்குதல், கிளர்வினா எழுப்புதல், வலுவூட்டல், பல்வகைத் தூண்டல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் ஆகிய திறன்கள் இவ்வாறு பழகப்படுகின்றன. மாணவராக நடிப்பவர் பாடத்தை முன்பே அறிந்தவர் என்பதால், உண்மை மாணவனுக்கு எழும் குழப்பம் இங்கு எழுவதில்லை என்பது இம்முறையின் குறையாகச் சுட்டப்படுகிறது. இக்குறையை நீக்கவே நுண்ணிலைக் கற்பித்தலுக்குப் பின் பள்ளிகளில் நேரடிக் கற்பித்தல் பயிற்சி வைக்கப்படுகிறது.

கண் அறுவைப் பயிற்சியில்

மதுரைச் சூழல்

கண்புரை, பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அறுவை மூலம் இதனைச் சரிசெய்ய இயலும். ஆயினும் நோயாளரின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் அறுவை மருத்துவர் இல்லாமை நெடுங்காலச் சிக்கலாக இருந்து வந்துள்ளது. இந்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி (1918 - 2006) மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

வெங்கடசாமியின் வாழ்க்கையே கைத்திறன் பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. படைத்துறை மருத்துவராகப் பணியாற்றிய அவர் கடும் முடக்குவாதத்தால் படுத்த படுக்கையானார், கைவிரல்கள் கோணலாயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். தம் விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடித்து நுண்ணறுவை செய்யப் படிப்படியாகப் பழகினார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்ததாகக் கூறப்படுகிறது.

இம்மருத்துவமனை விரிவடைந்தபோது பயிற்சியே அதன் அடித்தளமாயிற்று. 1992 இல் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகளைச் செய்யும் ஆரோலேப் நிறுவனமும், பிற மருத்துவமனைகளுக்குப் பயிற்சியும் அறிவுரையும் வழங்கும் லைக்கோ நிறுவனமும் மதுரையில் அமைக்கப்பட்டன. முதுநிலை மாணவர்களுக்கு மட்டுமன்றி, பிற நாடுகளிலிருந்து வரும் மருத்துவர்களுக்கும் இங்கு பயிற்சி அளிக்கப்படுகிறது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் கண் மருத்துவ உதவியாளராகின்றனர்.

ஒப்புருவாக்கம் ஏன் தேவை

தையலில்லாச் சிறுகீறல் கண்புரை அறுவையில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஏறத்தாழ 6 மில்லி மீட்டர் அகலத்தில் தானாக மூடிக்கொள்ளும் ஒரு சுரங்கவழி அமைக்கப்படுகிறது. பின்னர் வில்லை உறையின் முன்பகுதி திறக்கப்பட்டு, புரை வெளியே எடுக்கப்பட்டு, அதே உறைக்குள் செயற்கை வில்லை வைக்கப்படுகிறது. வில்லையைச் சூழ்ந்துள்ள பின் உறை மிக மெல்லியது. அது கிழிந்தால் பின்னாலுள்ள விழிக்கூழ் முன்னோக்கி வரும். வில்லையைப் பொருத்துவது கடினமாகும். பார்வை குறையும் வாய்ப்பும் கூடும். சுரங்கவழியின் ஆழம் சற்றே மிகுந்தாலோ குறைந்தாலோ அது சரியாக மூடாது.

பழைய முறையில் மாணவர் மூத்த மருத்துவர் செய்வதைப் பார்த்து, உதவி செய்து, பின்னர் நோயாளியின் கண்ணிலேயே முதல் அறுவையைச் செய்தார். மூத்தவர் அருகிலிருந்தாலும் நுண்ணோக்கியின் கீழ் கணப்பொழுதில் நேரும் பிழையை அவரால் எப்போதும் தடுக்க இயலாது. கற்றலின் விலையை நோயாளி செலுத்த நேர்கிறது என்பதே இம்முறையின் மீதான முதன்மையான அறநெறிக் கேள்வி. இலவச மருத்துவம் நாடி வரும் ஏழை நோயாளிகள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு.

பயிற்சிப் பொருள்கள்

கண் அறுவைப் பயிற்சிக்கூடங்களில் எளிய பொருள்கள் முதல் கணினிக் கருவிகள் வரை பயன்படுகின்றன.

* தக்காளி, திராட்சை ஆகியவற்றின் தோல், மெல்லிய உலோகத் தாள்: வில்லை உறையை வட்டமாகக் கிழித்தெடுக்கும் திறனைப் பழக.
* ஆட்டுக்கண்: இறைச்சிக் கடைகளில் எளிதில் கிடைப்பதால் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. கீறல், சுரங்கவழி, தையல் ஆகியவற்றை இதில் பழகலாம். ஆட்டின் வில்லை தெளிவாக இருப்பதால், சூடேற்றியோ பார்மலின் செலுத்தியோ அதில் செயற்கைப் புரை உண்டாக்கப்படுகிறது.
* செயற்கைக் கண்: பல அடுக்குகளால் ஆன நெகிழிக் கண். விலங்கு உறுப்புகளைக் கையாள்வதில் உள்ள தூய்மைச் சிக்கலும் சமய மறுப்பும் இதில் இல்லை, விலை கூடுதல்.
* கணினி ஒப்புருவாக்கி: நுண்ணோக்கி வழியே முப்பரிமாணக் காட்சியும், சிலவற்றில் கையில் தொடு உணர்வும் கிடைக்கும். ஒவ்வொரு அசைவும் பதிவு செய்யப்பட்டு மதிப்பெண் தரப்படுகிறது.

தொடு உணர்வு கொண்ட ஒப்புருவாக்கி மூலம் சிறுகீறல் அறுவையைப் பயிற்றுவிக்கும் எல்ப்மீசீ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் யூல்சி. இவர் 1951 இல் வானோடிகளுக்கு ஒப்புருவாக்கி வழி பயிற்சி தரும் நிறுவனத்தை நிறுவியவர். வானூர்தித் துறையின் பட்டறிவு கண் அறுவைக்கு வந்து சேர்ந்ததற்கு இது நேரடிச் சான்று. இந்நிறுவனத்தின் பயிற்சி மையங்களுள் ஒன்று மும்பையில் உள்ளது.

ஆய்வுச் சான்றுகள்

ஐக்கிய இராச்சியத்தில் முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சியிலுள்ள கண் மருத்துவர்களின் அறுவைகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2020 இல் வெளியானது. கணினி ஒப்புருவாக்கிகள் பரவிய 2009 - 2015 காலத்தில் பின் உறை கிழியும் விழுக்காடு 4.2 இலிருந்து 2.6 ஆகக் குறைந்தது என்று அது கண்டது. கென்யா, தான்சானியா, உகாண்டா, சிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 50 பயிற்சி மருத்துவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு 2021 இல் வெளியானது. இதில் ஒரு பகுதியினருக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஐந்து நாள் தீவிர ஒப்புருவாக்கப் பயிற்சி, சிறுகீறல் அறுவையில் அளிக்கப்பட்டது. அடுத்த ஓராண்டில் அவர்கள் செய்த அறுவைகளில் பின் உறை கிழிந்தவை 7.8 விழுக்காடு, பயிற்சி பெறாதவர்களிடையே இது 26.6 விழுக்காடு. ஐந்து நாள் பயிற்சி இத்தகைய வேறுபாட்டைத் தந்தமை, ஒப்புருவாக்கம் வசதி மிகுந்த நாடுகளுக்கு மட்டுமே உரியது என்ற கருத்தை மாற்றியது.

பொது மருத்துவக் கல்வியில்

இந்தியாவில் 2019 இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் இளநிலை மருத்துவப் பாடத்திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும் என்று வகுத்தது. ஊசி போடுதல், நரம்பூசி பொருத்துதல், பேறு பார்த்தல், உயிர்மீட்புச் சுவாசம் அளித்தல் போன்றவற்றை மாணவர் முதலில் பொம்மைகளில் பழக வேண்டும். 1954 இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட எல்லாக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும்.

சமூக அறிவியலில்: கண்மாய் நீர்ப் பங்கீடு

சமூக அறிவியல் பாடங்களில் விளையாட்டு வடிவிலான ஒப்புருவாக்கம் பயனுள்ளது. அமெரிக்கரான டென்னிசு மெடோசு உருவாக்கிய மீன்வள விளையாட்டு, பொதுவளம் எவ்வாறு அழிகிறது என்பதை மாணவர்களே செய்துணரச் செய்கிறது. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் பாசனத்துக்குக் கண்மாய்களே பல நூற்றாண்டுகளாக உதவி வருகின்றன. எனவே இதே கருத்தைக் கண்மாய் நீரைக் கொண்டு பின்வருமாறு கற்பிக்கலாம்.

12 மாணவர்கள் உழவர்களாகின்றனர். 4 பேர் தலைமடையிலும், 4 பேர் நடுமடையிலும், 4 பேர் கடைமடையிலும் அமர்கின்றனர். ஒவ்வொருவரின் வயலும் முழுமையாக விளைய 4 அலகு நீர் வேண்டும். புளியங்கொட்டைகளை நீர் அலகுகளாகக் கொள்ளலாம். தலைமடையினர் முதலில் எடுப்பர். ஒருவர் 6 அலகு வரை எடுக்கலாம்.

* முதல் சுற்று: கண்மாய் நிறைந்துள்ளது, 48 அலகு. ஆளுக்கு 4 எடுத்தால் அனைவருக்கும் விளைகிறது.
* இரண்டாம் சுற்று: மழை பொய்த்தது, 24 அலகு மட்டும். பற்றாக்குறை குறித்த அச்சத்தால் தலைமடையினர் ஆளுக்கு 6 எடுத்தால் 24 அலகும் அங்கேயே முடிந்துவிடும். மற்ற 8 பேருக்கும் விளைச்சல் இல்லை. தலைமடையிலும் 8 அலகு வீணாகிறது.
* மூன்றாம் சுற்று: மீண்டும் 24 அலகு. ஆனால் எடுக்குமுன் 12 பேரும் கூடிப் பேசி விதி வகுக்கலாம்; மடையைத் திறந்து அடைக்க ஒருவரை நீர்க்கட்டியாக அமர்த்தலாம். ஆளுக்கு 2 அலகு பெற்றுப் பாதி வயலில் மட்டும் பயிரிடலாம் என்பது ஒரு தீர்வு. குறைந்த நீரில் விளையும் கம்பு, சோளம் போன்றவற்றுக்கு மாறுவது மற்றொன்று.

பின்னுரையாடலில், இரண்டாம் சுற்றில் தலைமடையினர் தீயவர்களா, அல்லது விதி இல்லாமையால் அவ்வாறு நடந்தனரா என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்பலாம். முறைப்பாசனம், நீர்க்கட்டி ஆகிய மரபு ஏற்பாடுகள் எந்தச் சிக்கலைத் தீர்க்கத் தோன்றின என்பதை மாணவர் தாமே கண்டறிவர். அதே வேளையில், நிலவுடைமை, கடன், சாதி வேற்றுமை, கண்மாய் ஆக்கிரமிப்பு ஆகியவை இவ்விளையாட்டில் இல்லை என்பதையும், உண்மையான கண்மாயில் உடன்பாடு காண்பது இதனினும் கடினம் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும்.

குடிமையியலில், இந்திய அரசின் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67 இல் தில்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டிகளைத் தொடங்கியது. பின்னர் இது கேந்திரிய வித்தியாலயங்களுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

அறிவியலில்

இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் திட்டம், மின்சுற்று, அலை, விசை, அணு அமைப்பு முதலியவற்றுக்கான கணினி ஒப்புருவாக்கங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. இவற்றுள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. இந்தியாவில் அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் இணைந்து பள்ளி மாணவர்களுக்கான இணைய ஆய்வுக்கூடங்களை உருவாக்கியுள்ளன. ஆய்வுக்கூட வசதி குறைந்த பள்ளிகளுக்கு இவை உதவும். ஆயினும் அளவுகோலைப் பிடிக்கும் கைப்பழக்கம், அளவீட்டுப் பிழை, கருவி பழுதாகும்போது காரணம் தேடும் திறன் ஆகியவற்றைத் திரை தருவதில்லை.

இடர்காப்பு ஒத்திகை

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். இந்நிகழ்வை அடுத்துத் தொடரப்பட்ட வழக்கில் 2009 இல் இந்திய உச்ச நீதிமன்றம், பள்ளிகள் அடிப்படைத் தீப்பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. மணி ஒலித்ததும் எந்த வழியாக, எந்த வரிசையில், எங்கே சென்று கூட வேண்டும் என்பதை மாணவர் நடந்து பழகுவதே ஒத்திகை. அச்சத்தில் மனிதர் புதிதாகச் சிந்திப்பது அரிது, பழகியதையே செய்வர். எனவே சுவரில் ஒட்டிய அறிவிப்பைவிட ஆண்டுக்குச் சில முறை நடத்தும் ஒத்திகை பயன் மிகுந்தது. முன்கூட்டியே அறிவித்து, ஒளிப்படம் எடுப்பதற்காக மட்டும் நடத்தப்படும் ஒத்திகை இப்பயனைத் தருவதில்லை. ஒரு வாயிலை அடைத்து வைத்து மாற்று வழியைத் தேடச் செய்வது போன்ற எதிர்பாராக் கூறுகள் ஒத்திகையில் இடம்பெறுதல் நன்று.

நன்மைகள்

* தவறு செய்து கற்க இடமளிக்கிறது. தவறின் விலை பிறர் மீது சுமத்தப்படுவதில்லை.
* அரிதாக நேரும் இடர்களையும் முன்பே எதிர்கொண்டு பழகலாம்.
* கடினமான ஒரு படியை மட்டும் பிரித்தெடுத்துப் பலமுறை பழகலாம்.
* அனைத்து மாணவர்களுக்கும் ஒரே வகையான சூழலை அளித்து மதிப்பிட இயலும்.
* பிறர் நிலையில் நின்று பார்க்கும் பழக்கத்தை வளர்க்கிறது.

வரம்புகளும் விமர்சனங்களும்

ஒப்புருவாக்கம் எவ்வளவு நுட்பமானதாயினும் அது ஒரு சுருக்கமே. ஆட்டுக்கண் அசைவதில்லை, குருதி வடிவதில்லை, அஞ்சுவதில்லை. ஒப்புருவாக்கியில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் தம் திறனை மிகையாக மதிப்பிடும் வாய்ப்பு உண்டு. எனவே இது மேற்பார்வையின் கீழ் செய்யும் உண்மைப் பயிற்சிக்கு முன்படி என்றே கொள்ளப்படுகிறது. அதற்கு மாற்றாகக் கொள்ளப்படுவதில்லை.

விலை கூடிய கருவியே சிறந்த கற்றலைத் தரும் என்பது பரவலான தவறான எண்ணம். கற்க வேண்டிய திறனுக்கும் மாதிரிக்கும் உள்ள பொருத்தமே முதன்மையானது. பயிற்றுநரும் நேரமும் ஒதுக்கப்படாத கருவிகள் பூட்டிய அறைகளில் கிடக்கும்.

உளவியல் பாதிப்பும் கருத்தில் கொள்ள வேண்டியது. 1968 ஏப்பிரலில் அமெரிக்க ஆசிரியை சேன் எலியட், நிறவேற்றுமையை உணர்த்துவதற்காகத் தம் வகுப்புக் குழந்தைகளைக் கண் நிறத்தின் அடிப்படையில் பிரித்து, ஒரு பிரிவினரை உயர்ந்தோராகவும் மற்றவரைத் தாழ்ந்தோராகவும் நடத்தினார். அப்பயிற்சி பெரிதும் பாராட்டப்பட்டது. சிறு குழந்தைகளை அவர்கள் இசைவின்றி வருத்தியது என்று கண்டிக்கவும்பட்டது. தமிழ்நாட்டு வகுப்பறையில் சாதி, வறுமை போன்றவற்றை நடித்துக் காட்டும்போது, அவற்றை வீட்டில் நாள்தோறும் பட்டுணரும் மாணவர் அதே வகுப்பில் இருக்கக்கூடும். அவரையே அவர் நிலையில் நடிக்கச் சொல்வது இழிவாக முடியும். பங்கினை மறுக்கும் உரிமை, நடிப்பிலிருந்து வெளியே வரும் தெளிவான முடிவு, போதிய பின்னுரையாடல் ஆகிய மூன்றும் இத்தகைய பயிற்சிகளில் கட்டாயமானவை.

இவற்றையும் பார்க்க

* நுண்ணிலைக் கற்பித்தல்
* செயல்வழிக் கற்றல்
* பட்டறிவுவழிக் கற்றல்
* கண்புரை
* கோவிந்தப்ப வெங்கடசாமி
* சுசுருதர்
* கண்மாய்